தைல மரம் போனது, உப்பு மேலே வந்தது

உப்புத் தண்ணீர் பாய்ச்சினால்தான் நிலம் உவராகும் என்று நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில், மானாவாரியாகக் கோதுமை விளையும் பகுதியில், பாசனமே இல்லாமல் 10 லட்சம் ஹெக்டேர் நிலம் உவராகிவிட்டது.

கடல் காற்றும் மழையும் கொண்டுவந்த உப்பு பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே அடிமண்ணில் சேர்ந்து கிடந்தது. ஆழமாக வேர்விடும் தைல மரங்கள் பெய்த மழையை உறிஞ்சிக்கொண்டதால் உப்பு கீழேயே இருந்தது. நம் ஊரில் எந்தக் குணத்துக்காகத் தைல மரத்தைத் திட்டுகிறோமோ, அங்கே அதே குணம்தான் நிலத்தைக் காத்தது. மரங்களை அழித்துக் கோதுமை விதைத்தார்கள். கோதுமைக்கு வேர் ஆழம் குறைவு. குளிர்காலப் பயிர் என்பதால் கோடையில் நிலம் வெறுமையாகக் கிடக்கும். மிஞ்சிய மழைநீர் கீழே இறங்கி நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. கரைந்த உப்பும் அதோடு மேலே வந்தது. பள்ளமான வயல்கள்தான் முதலில் வெளுத்தன. உட் என்ற ரயில்வே பொறியாளர் 1924-லேயே இதை எழுதிவிட்டார். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் காடு அழிந்துகொண்டுதான் இருந்தது.

இப்போது மேட்டு நிலத்தில் மர வரிசையும் குதிரை மசாலும் வைக்கிறார்கள். வெளுத்த பள்ளத்தில் உவர் தாங்கும் புதர்களை நட்டு செம்மறி ஆடு மேய்க்கிறார்கள். சிலர் ஆழமான வடிகால் வெட்டுகிறார்கள். அந்த உப்பு நீரை எங்கே விடுவது என்பதுதான் சிக்கல்.