ஓட்டுக்கு அடியில்

மரபு பாணியில் வீடு கட்டுவது என்றால் பழைய வீட்டைப் போலக் கட்டுவது என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கையில் 1950, 60-களில் எழுந்த சில வீடுகளின் சரித்திரம் இந்த நினைப்புக்கு இடம் தருவதில்லை. அவற்றில் பலவற்றின் கூரையில் தெரிவது அரைவட்ட நாட்டு ஓடு. ஓட்டை எடுத்துப் பார்த்தால் அடியில் நெளிநெளியான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட்.

எண்ணூரில் குடியிருப்பவனுக்கு இந்த ஷீட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பகல் பன்னிரண்டுக்கு மேல் அதன் கீழே உட்கார முடியாது. மழை வந்தால் பேச முடியாது. அதன் இழை நுரையீரலில் தங்கிவிடும் என்பது வேறு. இங்கே ஷீட்தான் கூரை. அங்கே ஷீட்டுக்கு மேலே ஓடு. இந்த ஓர் அடுக்கு வித்தியாசம் எப்படி வந்தது என்பதுதான் என் விஷயம்.

தொடக்கம் ஒரு புஸ்தகத்தில் இருக்கிறது. ஆனந்த குமாரஸ்வாமி 1908-ல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் நூலை வெளியிட்டார். வில்லியம் மாரிஸ் உபயோகித்த அதே கைஅச்சில் அச்சான நூல். தகப்பன் வழியில் தமிழர் ஒருவர், கண்டிய தச்சனையும் குயவனையும் நெசவாளியையும் பற்றி, அவர்கள் மறைந்துகொண்டிருக்கிறார்கள் என்ற துக்கத்தோடு எழுதியது. அந்தத் துக்கத்தை வேலைத்திட்டமாக மாற்றியவர் மின்னெட் டி சில்வா. 1918-ல் கண்டியில் பிறந்தவர். பம்பாயிலும் பிறகு லண்டனிலும் கட்டடக்கலை படித்தவர். 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண்.

கண்டியில் ஒரு சரிவில் 1951-ல் அவர் முடித்த கருணாரத்ன வீட்டைப் பற்றி ‘மார்க்’ இதழில் 1953-ல் எழுதினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயரை ‘நவீன வட்டாரக் கட்டடக்கலை’ என்று தமிழில் சொல்லலாம். இரண்டு அடைமொழிகளில் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கான்கிரீட் உண்டு, திறந்த அறைகள் உண்டு. கூடவே தும்பரப் பாய் நெசவு, சுட்ட களிமண் ஓடுகளில் பழைய உருவங்கள், அரக்கு வேலை செய்த கைப்பிடிக் கம்பங்கள், ஜார்ஜ் கீட்டின் சுவரோவியம். கைவினைஞனை மியூசியத்துக்கு அனுப்பாமல் கட்டட வேலைக்குக் கூப்பிட்டார். வீட்டில் அங்கங்கே கொஞ்சம் அலங்காரம் மிஞ்சித் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். முதலில் செய்பவர்கள் எப்போதும் அளவுக்கு மேல் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஜெஃப்ரி பாவாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, வக்கீலாகி, 1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுனுகங்கை என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் திருத்துவதற்காகவே கட்டடக்கலைக்குப் போனவர். 1957-ல் பட்டம் பெறும்போது வயது 38. (ஆங்கிலம் படித்தவர்களுக்கும் ஏதோ கதி உண்டு என்று நான் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் உதாரணம் இவர்.) அவர் கொழும்பில் 1960-லிருந்து 62 வரை ஏனா டி சில்வாவுக்காகக் கட்டிய வீடுதான் இந்தச் சரித்திரத்தின் மையம். ஏனா பத்திக் துணிக் கலைஞர், கண்டியப் பெருங்குடி. பழைய வீடுகளில் ‘மெத மிதுல’ என்கிற நடுமுற்றம் மீண்டும் வந்தது. ஆனால் பழைய கண்டிய வளவு அகன்ற நிலத்தில் நின்றது. இது பட்டணத்தின் சிறு மனை. ஆகவே வீடு தெருவுக்கு முதுகைக் காட்டி, முற்றத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. இது பழசைப் பார்த்து எழுதியதல்ல. மனையின் நெருக்கடியில் பழசுக்கு ஒரு புதிய காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு நெருக்கடி அரசாங்கத்திடமிருந்து வந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. இரும்பும் கண்ணாடியும் அரிதாயின. மிச்சமிருந்தது செங்கல், மரம், கல், சுண்ணாம்பு, ஓடு. தீவின் ‘மரபு பாணி’யில் பாதி, துறைமுகத்தில் சரக்கு இறங்காததால் பிறந்தது. இதைச் சொன்னால் பாணியின் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் யாப்பு வானத்திலிருந்து விழுந்தது என்று நம்புகிறவர்களாக இருக்க வேண்டும்.

ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் வருகிறேன். நாட்டு ஓடு மட்டும் வேய்ந்தால் சரிவு செங்குத்தாக வேண்டும். சட்டமும் ரீப்பரும் நெருக்கமாக வேண்டும். குரங்கு ஓடினாலோ காற்று அடித்தாலோ ஒழுகும். பாவாவின் அலுவலகத்தில், டென்மார்க்காரரான உல்ரிக் பிளெஸ்னர் அவருடன் வேலை செய்த காலத்தில், ஷீட்டை முதலில் போட்டு அதன்மேல் ஓட்டைப் பதித்தார்கள். ஷீட் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். மரம் குறைந்தது, சரிவு தணிந்து, நீண்ட தாழ்வாரங்கள் சாத்தியமாயின.

இது பொய்யா? வெளியே மரபு, உள்ளே ஃபாக்டரிச் சரக்கு என்று ஒருவர் கேட்கலாம். ஓடு வெறும் முகமூடியாக இருந்தால் கேள்வி நியாயம். ஆனால் ஓட்டை எடுத்துவிட்டால் வீடு வேகும். ஷீட்டை எடுத்துவிட்டால் ஒழுகும். இரண்டுக்கும் வேலை இருக்கிறது. வெறும் உரைநடையின்மேல் அகவல் ஓசையைத் தூவி அதை மரபு என்று நம்மிடையே விற்பவர்களின் ஓட்டை எடுத்துப் பார்த்தால் எதுவும் ஒழுகாது, எதுவும் வேகாது.

பாவா தனக்கென்று செய்துகொண்டது இன்னும் நல்ல பாடம். கொழும்பில் ஒரு முட்டுச் சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றை 1958-ல் எடுத்தார். பத்து வருஷத்தில் நான்கும் கைக்கு வந்தன. இடிக்கவில்லை. சுவர்களைத் திறந்து, சந்தையே வீட்டின் நடையாக்கி, அங்கங்கே வானத்துக்குத் துளைவிட்டார். நடையின் கோடியில் நிற்கும் தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. எழுபதுகளில் அவரே மதுரை கிளப்பைக் கட்டினார். சென்னையில் கன்னிமரா ஹோட்டலைத் திருத்தினார். இப்படிப் பாக் ஜலசந்திக்கு இரு பக்கமும் தூணும் கையும் போய்வந்திருக்க, இந்தப் பாணியின் சரித்திரம் எழுதப்படும்போது கண்டியக் கூரையே தீவின் கூரையாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் தீவின் முற்றத்து வீடுதான். கோட்டேயில் பாவாவின் பாராளுமன்றம் திறந்தது 1982-ல். அடுத்த வருஷம் ஜூலையில் கொழும்பில் எந்த வீடுகள் எரிந்தன என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாம். வட்டாரம் என்ற சொல்லை எல்லை தெரியாமல் உபயோகிக்கக்கூடாது.

எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு சரக்கு இருந்தது. எண்ணூர், பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு கால்வாய்ப் படகில் பட்டணத்துக்குப் போயிற்று. மெட்ராஸ் தளம் என்கிற மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்புக் கூரை அதில்தான் நின்றது. குப்பங்களில் பனையோலை. பிறகு ஷீட். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் அடுக்கு வீடுகள்: வலை உலர்த்த வாசல் வேண்டியவர்களுக்கு மாடிப்படி. என் மேஜைக்கு வரும் வீட்டுக் கடன் மனுக்களோடு பிளான் இணைத்திருக்கும். பெயரை மறைத்துவிட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது.

பாவாவின் வீடுகளைவிட மின்னெட்டின் ஒரு காரியம்தான் இங்கே எனக்கு உறுத்துகிறது. 1958-ல் கண்டிக்குப் பக்கத்தில் வட்டபுலுவவில், குறைந்த செலவில், அரசு ஊழியர்களுக்குச் சுமார் 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர். வரைவதற்கு முன் அவர் குடிவரப்போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார், கூப்பிட்டுப் பேசினார். பதில்களிலிருந்து பலவகை மாதிரிகள் பிறந்தன. பணக்காரரின் முற்றத்தைப் படம் பிடித்து உலகம் பூராவும் அச்சிட்டார்கள்; கேள்வித்தாளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மின்னெட் 1998-ல் கண்டியில் காலமானார். அவர் குடும்பத்து வீடு பாழாயிற்று. ஏனாவின் வீட்டை 2009-க்குப் பிறகு பிரித்து லுனுகங்கையில் கொண்டுபோய் மீண்டும் நிறுத்தினார்கள். இப்போது அதைப் போய்ப் பார்க்கலாம். வட்டபுலுவவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பல வீடுகளைத் தங்கள் வசதிக்கு இடித்தும் சேர்த்தும் கட்டிக்கொண்டுவிட்டார்கள்.