இடது காலுக்கு ஓய்வு

டெட்ராயிட் நகரத்துக்கு அருகே நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், பக்கத்து வீட்டை வேடிக்கை பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் கொட்டகையில் 1972-ஆம் வருஷத்துச் செவர்லே பிக்-அப் வண்டியொன்றை உயர்த்தி நிறுத்தியிருந்தார். அதன் வயிற்றிலிருந்து ஆட்டமாடிக் கியர் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு, மூன்று நாளாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி அவருடைய தகப்பனார் வாங்கியது. பழைய பெட்டியையே பிரித்துப் புதுப்பிப்பதா, அல்லது வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்துவதா என்பதுதான் பிரச்னை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கிறமாதிரி மூன்று ஜாதகங்கள் கையில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக விளக்கும்போதுதான், அவற்றில் ஒரு தேசத்தின் சரித்திரமும் அடங்கியிருப்பது எனக்குப் புரிந்தது.

கியர் மாற்றுவது பழைய நாளில் ஒரு வித்தை. கை ஒன்று செய்ய, இடது கால் ஒன்று செய்ய, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பல்சக்கரங்கள் அலறும். 1928-இல் காடிலாக் காரில் வந்த 'ஸிங்க்ரோமெஷ்' அந்த அலறலை நிறுத்தியது. அதை உருவாக்கிய எர்ல் தாம்ஸன் அதோடு திருப்தியடையவில்லை. கியர் மாற்றும் வேலையையே மனிதனிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று, ஜெனரல் மோட்டார்ஸில் சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு முனைந்தார்.

அவருக்குக் கைகொடுத்த தத்துவம் கப்பலிலிருந்து வந்தது. 1905-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற பொறியாளர், வேகமாகச் சுற்றும் டர்பைனின் சக்தியை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறிக்குக் கொண்டுசேர்க்க ஒரு வழி கண்டார். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றுப் பட்டு மற்றதும் சுழலும். இரண்டாவதைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதல் விசிறி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. வண்டி நிற்கும்போது என்ஜின் அணையாமல் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இந்த எண்ணெய் விசிறிக்குப் பின்னால் நான்கு வேகம் கொண்ட பல்சக்கரங்களைச் சேர்த்து, 'ஹைட்ராமாடிக்' என்று பெயரிட்டு, 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வைத்தார்கள். அதிக விலை 57 டாலர். வாங்கியவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். அதைத் தீர்த்து வைத்தது யுத்தம். எம்-5 என்ற இலேசு டாங்கியில் இரண்டு காடிலாக் என்ஜின்களும், அவற்றுக்கு ஒன்றாக இரண்டு ஹைட்ராமாடிக் பெட்டிகளும் இருந்தன. போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது என்று சொல்லி விற்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யுத்தத்துக்குப் பிறகு ஆளுக்கொரு பெட்டி கிளம்பியது. 1948-இல் பியூக், 1950-இல் இரண்டே வேகம் கொண்ட செவர்லேயின் 'பவர்கிளைட்'. 1953-இல் ஜி.எம்.ஸி. சிறு லாரிகளுக்கும், 1954-இல் செவர்லே சிறு லாரிகளுக்கும் ஹைட்ராமாடிக் வந்தது. மூட்டை சுமக்கிற வண்டியின் இடது காலுக்கும் அன்றுதான் விடுதலை.

இடையில் 1953 ஆகஸ்டு 12-ஆம் தேதி, லிவோனியாவில் இருந்த ஹைட்ராமாடிக் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து போயிற்று. இரும்பு வெட்டும் தீச்சுடரிலிருந்து பறந்த பொறிதான் காரணம். காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் தங்கள் கார்களுக்குப் பியூக்கின் பெட்டியை இரவல் வாங்கின. யுத்தகாலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் கட்டிடத்தில், சில வாரங்களுக்குள் கியர் பெட்டிகள் மறுபடி உருவாகத் தொடங்கின.

பிறகு எல்லோரும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபோர்டில் வேலை பார்த்திருந்த ஹவார்ட் சிம்ஸன் என்பவர், நடுவில் ஒரே சூரியச் சக்கரத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டைக் கிரகச் சக்கர வரிசையை வகுத்திருந்தார். 1956-இல் கிரைஸ்லரின் டார்க்ஃப்ளைட், 1964-இல் ஃபோர்டின் ஸி-4, 1966-இல் ஸி-6, ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400, டர்போ 350 எல்லாம் அந்த வம்சமே. சந்தையில் சண்டை போட்டுக்கொண்ட மூன்று கம்பெனிகளின் பெட்டிகளுக்குள்ளும் ஒரே மனிதரின் சூரியன் சுழன்றது!

பெரியவரின் வண்டியில் இருந்தது 1969-இல் பிறந்த டர்போ 350. முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது நேர். எளிமையானது; உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும்.

இரண்டாவது ஜாதகம் 1964-இல் வந்த டர்போ 400. பலசாலிப் பிள்ளை, எதையும் தாங்கும். ஆனால் உடம்பு கனம். தன்னைச் சுழற்றிக்கொள்ளவே என்ஜினிடம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிடும்.

மூன்றாவது 700-ஆர்-4. 1973-இன் பெட்ரோல் பஞ்சத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் சிக்கனம் கற்றுக்கொண்டதன் விளைவாக 1982-இல் வந்தது. முதல் கியர் 3.06; நான்காவது 0.70. அதாவது, பழைய பெட்டியில் என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும் வேகத்தில் இதில் 2,100 சுற்றே போதும். மூட்டையோடு கிளம்பவும் நல்லது, நெடுஞ்சாலையில் பெட்ரோலும் மிச்சம். குறை என்னவென்றால், முதலுக்கும் இரண்டாவதற்கும் நடுவே பெரிய இடைவெளி. கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு கம்பிதான் உள்ளே எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அதைத் தப்பாக முடுக்கினால் புதுப் பெட்டியும் சீக்கிரத்தில் கருகிப் போகும். தாங்கும் சட்டத்தையும் நகர்த்தியாக வேண்டும்.

"மூன்றும் நல்ல பெட்டிகள்தான், ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லை" என்றார் பெரியவர்.

பழைய பெட்டியைத் திறந்து காட்டினார். காகிதம்போல மெல்லிய உராய்வுப் பூச்சு கருகி உதிர்ந்திருந்தது. எஃகுத் தட்டுகள் சூட்டில் நீலம் பூத்திருந்தன. ரப்பர் வளையங்கள் கல்லாக இறுகியிருந்தன. அவை இறுகினால் அழுத்தம் கசியும், அழுத்தம் கசிந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் எரியும். எல்லாம் ஒரு சில்லறை ரப்பரில் ஆரம்பம்.

"இது பிறந்தபோது இதன் எண்ணெயில் என்ன கலந்திருந்தது தெரியுமா? திமிங்கில எண்ணெய்" என்றார். உண்மைதான். தட்டுகள் அதிர்ச்சியில்லாமல் பிடிப்பதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய் உதவியது. 1970-இல் அந்தப் பிராணியை அழிந்துவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு, ரசாயன சாஸ்திரிகள் மாற்று தேட வேண்டியதாயிற்று. இடது காலின் சௌக்கியத்துக்காகச் சமுத்திரத்தில் யாரோ உயிர் கொடுத்திருக்கிறார்கள். அதை அறிந்தபின் அந்தப் பெட்டியை வெறும் இரும்பாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

நான்காம் நாள் பெரியவர் முடிவு சொன்னார்: பழையதையே புதுப்பிப்பது. தகப்பனார் ஞாபகம் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ஞாபகத்துக்காக யாராவது கையை எண்ணெயில் முக்குவார்களா? இந்த வண்டி ஊரைத் தாண்டிப் போவதில்லை. 0.70 கியரை வாங்கி, மணிக்கு 35 மைலில் என்ன செய்வேன்?"

எண்ணெயில் ஊறவைத்த புதுத் தட்டுகளை அடுக்கினார். காற்றை ஊதி ஒவ்வொரு பிடிப்பையும் சோதித்தார். சிறு எஃகுக் குண்டுகளை அவற்றின் பள்ளங்களில் மிளகு எண்ணுவதுபோல எண்ணி வைத்தார். பழைய கன்வர்ட்டரில் உலோகத் தூள் இருக்கும் என்று அதையும் மாற்றினார். எண்ணெய் குளிரும் குழாய்களையும் கழுவினார்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் என்னை வண்டியில் உட்காரவைத்து ஓட்டினார். கடைத்தெரு திரும்பியதும், "இரண்டாவது கியர் விழுந்ததைக் கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். நான் ஏதோ பெரிய பாராட்டுச் சொல்லிவிட்டதுபோல அவர் முகம் மலர்ந்தது. கவனிக்காமல் இருப்பதற்காகத்தானே தாம்ஸன் முதல் சிம்ஸன் வரை அத்தனை பேரும் பாடுபட்டார்கள்.

"கொஞ்சம் தாமதமாக விழுகிறது, நாளைக்குச் சரி செய்கிறேன்" என்றார் பெரியவர்.