கப்பல் மடித்த தாளில் பிறந்த கணிதம்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காரைக்கால்மேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுவதும் தடை. அரசலாற்று முகத்துவாரத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பெரியவர்கள் கிழிந்த வலையைச் சரிசெய்வார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். அந்த நாட்களுக்குள்தான் பள்ளிக்கூடத்துக்கும் கோடை விடுமுறை. போன வகுப்பு நோட்டுகளிலிருந்து தாள் கிழிபட ஆரம்பிக்கும். அப்பாவின் படகு கரையில் நிற்க, பிள்ளையின் கப்பல் வாளித் தண்ணீரில் மிதக்கும்.

காகித மடிப்பு என்றதும் எல்லோரும் ஜப்பானைக் கைகாட்டுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. சீனாவில் கி.பி. 105 வாக்கில் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசருக்கு அறிவித்தார். அங்கிருந்து கொரியா வழியாக ஜப்பானுக்குப் போன காகிதம், அங்கே சடங்குக்கும் பரிசுப் பொதிக்கும் மடிக்கப்பட்டு, பிறகு விளையாட்டாகவும் ஆயிற்று. ஒரே தாளில் வெட்டும் மடிப்புமாகப் பல கொக்குகளைச் சேர்த்துச் செய்யும் முறையைச் சொல்லும் புத்தகம் 1797லேயே அங்கு அச்சாகிவிட்டது. ஆனால் இன்று நம் குழந்தைகளின் கைக்கு வரும் சதுரமான வண்ணத் தாளுக்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. அந்தக் கதையில் நம் காவிரிப் படுகையில் படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவசியம் தெரிய வேண்டும்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் 1782ல் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தவர். சின்னஞ்சிறு பிள்ளைகள் உட்கார்ந்து மனப்பாடம் செய்வதால் எதுவும் கற்பதில்லை, கையால் தொட்டு விளையாடித்தான் கற்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். 1837ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறுபிள்ளைகளுக்காக ஓர் இடத்தை ஆரம்பித்தார். 1840ல் அதற்கு கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று சொல்லும் வகுப்புகளுக்கு அதுதான் மூலம்.

அங்கே பந்து, கட்டை, குச்சி என்று விளையாட்டுப் பொருட்கள் ஒழுங்கு வரிசையில் பிள்ளைகளுக்குத் தரப்பட்டன. காகிதம் பின்னுவது, வெட்டுவது, மடிப்பது எல்லாம் அந்த வரிசையில் உண்டு. பிள்ளைகள் செய்யும் வடிவங்களை ஃப்ரோபெல் மூன்றாகப் பார்த்தார். வீடு, படகு போல வாழ்க்கையில் காண்பவை ஒரு வகை. கோலம் போலக் கண்ணுக்கு இனிய அழகு வடிவங்கள் இன்னொரு வகை. பாதி, கால், கோணம் என்று அறிவைத் தருபவை மூன்றாவது வகை. பிரஷ்ய அரசு 1851ல் இந்தப் பள்ளிகளையே தடை செய்தது. மறு ஆண்டு ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860ல்தான். அதற்குள் அவருடைய மாணவிகள் இந்த முறையை நாடு நாடாகக் கொண்டு போய்விட்டார்கள். 1876ல் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பானின் முதல் கிண்டர்கார்டனிலும் ஃப்ரோபெலின் மடிப்புகள் இருந்தன. கொக்கு மடித்த நாட்டுக்கே ஐரோப்பிய மடிப்பு போய்ச் சேர்ந்து இரண்டும் கலந்தன.

அந்த விளையாட்டுப் பொருட்கள் அடங்கிய கிண்டர்கார்டன் பெட்டிகளில் ஒன்று மெட்ராஸில் தண்டலம் சுந்தர ராவின் கைக்கு வந்தது. அவர் மெட்ராஸ் மாகாண வருவாய்த் துறை அதிகாரி. படித்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில். பிற்காலத்தில், 1904ல், ராமானுஜன் சேர்ந்ததும் அதே கல்லூரியில்தான். கும்பகோணத்தை ஒட்டி ஓடும் அரசலாறுதான் கிழக்கே வந்து காரைக்காலில் கடலைச் சேர்கிறது. ஆறு ஒன்றாக இருந்தாலும் அன்று ஆட்சி இரண்டு. கும்பகோணம் ஆங்கிலேயரிடம், காரைக்கால் பிரெஞ்சுக்காரரிடம்.

எட்டாம் எண் கொண்ட அந்தப் பெட்டியில் 200 சதுரத் தாள்கள், மடிப்பை அழுத்த ஒரு பட்டை, செய்முறைப் படங்கள். தாள்கள் ஒரு பக்கம் மட்டும் நிறமும் பளபளப்பும் உள்ளவை. இன்று ஸ்டேஷனரி கடையில் நாம் கேட்டு வாங்கும் கிளேஸ் பேப்பரும் அதே வகைதான். சிறுபிள்ளைகளுக்கென்று வந்த அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் தனக்குப் புத்தக யோசனை பிறந்தது என்று சுந்தர ராவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 1893ல் மெட்ராஸ் அடிசன் நிறுவனம் அந்த ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது. காகித மடிப்பில் வடிவியல் பயிற்சிகள் என்பதே அதன் தலைப்பின் பொருள்.

காம்பஸ் கிடையாது, ஸ்கேல் கிடையாது. ஒரு பேனாக்கத்தியும் துண்டுக் காகிதமும் போதும் என்றார். ஒழுங்கில்லாத தாளிலிருந்து சதுரம் எடுப்பதில் தொடங்கி, முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, பரவளையம், நீள்வட்டம் வரை மடிப்பாலேயே கொண்டுபோனார். சதுரத்தின் நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால் பரப்பில் சரிபாதி உள்ள சின்னச் சதுரம் கிடைக்கும். அதையும் அப்படியே மடித்தால் கால், பிறகு அரைக்கால். மடிக்க மடிக்க, பாதியும் காலும் அரைக்காலும் கூடிக்கொண்டே போய் முழுத் தாளை எட்டுகிற விதம் கண்முன்னே தெரியும். கல்லூரியில் முடிவிலாத் தொடர் என்று பயமுறுத்தும் பாடம் இது.

அவருடைய வழியில் சமபக்க முக்கோணம் ஒன்றை இப்போதே மடித்துப் பார்க்கலாம். சதுரத் தாளை இடமும் வலமும் பொருந்த மடித்துப் பிரியுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். கீழ் இடது மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி அந்த நடுக்கோட்டின் மேல் உட்காரவைத்து, நகத்தால் நீவி மடியுங்கள். மூலை தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். தாளைப் பிரித்து, அந்தப் புள்ளியிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் மடிப்புக் கோடு போட்டால் முக்கோணம் தயார். தூக்கி மடித்தது தாளின் அடி விளிம்பையே என்பதால் இடப்பக்கம் அடிக்குச் சமம். நடுக்கோட்டில் இருக்கும் எந்தப் புள்ளியும் இரு மூலைகளுக்கும் சம தூரம் என்பதால் வலப்பக்கமும் சமம். மூன்று கோணமும் 60 பாகை. பாகைமானி இல்லாமலே பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

சுந்தர ராவ் விரும்பியது இதைத்தான். தாளை மடித்துப் பார்க்கும் மாணவன், ஆசிரியர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. உண்மையை அவன் விரலே காட்டிக்கொடுக்கும். இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பெரிய யோசனை ஒன்றை யாரும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உலகம் அவரைக் கண்டுகொண்டது. ஜெர்மனியின் மாபெரும் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் க்ளைன் 1895ல் வெளியான தன் வடிவியல் நூலில் இந்தப் புத்தகத்தைக் குறிப்பிட்டார். அதைப் படித்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் ஸ்மித்தும் தேடிப் பிடித்து, உண்மையாக மடித்த தாள்களைப் புகைப்படம் எடுத்துச் சேர்த்து, 1901ல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். 1936ல் இத்தாலியின் மார்கெரிட்டா பெலோக், ஸ்கேலாலும் காம்பஸாலும் ஆகாத முப்படிச் சமன்பாட்டை ஒரு மடிப்பு தீர்த்துவிடும் என்று நிறுவினார். ஜப்பானின் கோர்யோ மியூரா கண்ட மடிப்பு 1995ல் விண்கலத்தின் சூரியத் தகட்டை விரிக்கப் பயன்பட்டது. விளையாட்டுத் தாள் விண்வெளி வரைக்கும் போய்விட்டது. நம் நாட்டில் சுந்தர ராவைக் குழந்தைகளுக்கு மறுபடி அறிமுகம் செய்தவர்களில் பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லும் அரவிந்த் குப்தா முக்கியமானவர்.

அங்கன்வாடியிலும் வீட்டிலும் இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. மூன்று நான்கு வயதில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து நீவப் பழகினால் போதும். விரலுக்குப் பலமும் கண்ணுக்குப் பொருத்தமும் அதிலேயே வந்துவிடும். ஐந்து ஆறு வயதில் கப்பல், தொப்பி, கத்திக் கப்பல். கப்பலுக்கு இரு மூலையை நடுவுக்கு மடிக்கும்போது, செங்கோணம் இரண்டாகப் பிரிந்து 45 பாகை ஆனதைக் காட்டிக் கொடுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாகப் பொருந்துவதைப் பார்க்கட்டும். எட்டு வயதுக்கு மேல் முக்கோணமும் அறுகோணமும். கோணல்மாணலாக வந்தால் பிடுங்கிச் சரிசெய்யாதீர்கள். பிரித்து மறுபடி மடிக்க விடுங்கள்.

படகு கட்டுகிற ஊர் இது. பலகையும் விளிம்பும் பொருந்தாவிட்டால் தண்ணீர் உள்ளே வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அளவும் பொருத்தமும் நம் கைத்தொழிலில் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிக் கணக்கு மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தெரிய வேண்டும்? வரும் தடைக்காலத்தில் காரைக்கால் மாவட்டத்து நூலகங்களும் பள்ளிகளும் சுந்தர ராவின் பெயரில் மடிப்புப் பட்டறைகளை நடத்தட்டும். அவருடைய புத்தகம் நல்ல தமிழில், படங்களோடு, ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் போகட்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று பெற்றோருக்கு உண்டு. பழைய நோட்டை எடைக்குப் போடாமல் பிள்ளையிடம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு தாள் மடியுங்கள்.