சேணத்தில் கட்டுண்ட வேட்டைக்காரர்

1979ஆம் ஆண்டு, செய்தி சேகரிப்பதற்காக வன்னிக்குச் சென்றிருந்தபோது, குளக்கட்டு ஒன்றில் மரக்காலுடன் அமர்ந்திருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். பன்றிக்கென்று யாரோ கட்டி வைத்த கட்டுத்துவக்கு அவரது காலைக் கொண்டுபோயிருந்தது. அன்றிரவும் அவர் துவக்குடன் பன்றிக்குக் காவலிருக்கவே வந்திருந்தார். "கால் போனதே வேட்டையாலதானே, பிறகும் ஏன் ஐயா?" என்று கேட்டேன்.

"ஊருக்குள்ள எல்லாரும் முதலில என்ர காலைத்தான் பாக்கினம் தம்பி. பன்றி பாக்கிறதில்லை" என்றார்.

பல ஆண்டுகள் கழிந்து, ஆர்தர் மக்மரோ கவனா என்ற அயர்லாந்துக்காரரின் வரலாற்றைப் படித்தபோது அந்தக் குளக்கட்டு மீண்டும் நினைவுக்கு வந்தது.

1831ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் திகதி, கார்லோ மாவட்டத்தின் பொறிஸ் மாளிகையில் கவனா பிறந்தார். பிறவியிலேயே கைகளும் கால்களும் வெறும் முண்டங்களாக இருந்தன. பழைய லெயின்ஸ்ரர் மன்னர்களின் வழிவந்ததாகக் கூறிக்கொண்ட குடும்பம் அது. அவரை ஓர் அறைக்குள் ஒளித்து வளர்ப்பது அக்காலத்துப் பிரபுக்களுக்குக் கடினமான காரியமன்று. தாயார் ஹரியற் சீமாட்டி அவ்வாறு செய்யவில்லை. சிறுவயதிலேயே மகனைக் குதிரையில் ஏற்றினார். எழுதவும் ஓவியம் தீட்டவும் மீன் பிடிக்கவும் மகன் கற்றுக்கொண்டான்.

குதிரைச் சவாரியின் இரகசியம் சேணத்தில் இருந்தது. நாற்காலி போன்று அமைக்கப்பட்ட சேணத்தில் அவரை வாரினால் இறுகக் கட்டிவிடுவார்கள். கடிவாள வாரைக் கை முண்டங்களால் ஆண்டுகொண்டு, நரி வேட்டையில் வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டுவார். குதிரை விழுந்தால் மற்றவர்கள் தூக்கி எறியப்படுவார்கள். இவரோ குதிரையோடு சேர்ந்தே விழவேண்டும். அந்த ஆபத்தை அறிந்தே அவர் ஏறினார். சுடும்போது விசைக் காப்பு இல்லாத துவக்கை இடது முண்டத்தின் மீது தாங்கி, வலது முண்டத்தால் விசையை இழுப்பார். 1848ஆம் ஆண்டு அயர்லாந்துக் கிளர்ச்சியின்போது இரவில் தனியே நெடுந்தூரம் குதிரையோட்டி வேவு பார்த்தார் என்பதும் பதிவாகியுள்ளது. அப்போது அவருக்கு வயது பதினேழு.

1849இல் மூத்த சகோதரர் தோமசுடனும் ஆசிரியர் ஒருவருடனும் ஸ்கண்டிநேவியா, ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வரை பயணம் செய்தார். இந்தியக் காடுகளில் புலி வேட்டையாடினார். நோயுற்ற தோமஸ் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டு, வழியில் இறந்துபோனார். கையில் பணமில்லாது இந்தியாவில் நின்ற கவனா, ஔரங்காபாத் பகுதியில் அரச கடிதங்களைக் குதிரையில் கொண்டுசெல்லும் வேலையில் சேர்ந்தார்; பின்னர் பூனா நில அளவைத் துறையிலும் பணியாற்றினார். புலிக்கதைகளைவிட இந்தச் சம்பள வேலையே என்னை அதிகம் கவர்ந்தது. வேட்டைக்காகப் பழகிய சவாரி அங்கே அவருக்குச் சோறு போட்டது.

மற்றொரு சகோதரர் சாள்சும் இறக்கவே, 1853இல் பொறிஸ் பண்ணை இவர் கைக்கு வந்தது. 1855இல் உறவுக்காரப் பெண்ணொருவரை மணந்து பிள்ளைகளைப் பெற்றார். 'ஈவா' என்ற தமது பாய்க்கப்பலில் அல்பேனியக் கரை வரை சென்று வேட்டையாடிய அனுபவத்தை 1865இல் நூலாக வெளியிட்டார். 1866 முதல் 1880 வரை, முதலில் வெக்ஸ்போர்ட்டையும் பின்னர் கார்லோவையும் பிரதிநிதித்துவப்படுத்திப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

இவரை வியப்பதற்கு எனக்குத் தயக்கமில்லை. ஆயினும் ஒரு பத்திரிகைக்காரனின் சந்தேகம் விடுவதில்லை. இவர் குதிரையேறப் பழகிய காலத்தின் ஒரு பகுதி, 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சக் காலம். அதே கார்லோவில், ஒரு குடியானவனின் குடிசையில், அதே உடலுடன் ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அதற்குச் சேணம் செய்து கொடுக்க யார் இருந்தார்கள்? கைகால் உள்ள குடியானவனுக்கே வேட்டை உரிமை கிடையாது. நிலப்பிரபுவின் காட்டில் முயல் பிடித்தால் அவன் திருடன். குத்தகைக்காரரின் உரிமை குறித்து 1880இல் அமைக்கப்பட்ட பெஸ்பரோ ஆணைக்குழுவில் கவனாவும் ஓர் உறுப்பினர். பெரும்பான்மையினரின் அறிக்கையில் அவர் ஒப்பமிடவில்லை. தமது மாற்றுக் கருத்தைத் தனியாக எழுதினார். அதே ஆண்டில் கார்லோ வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்திருந்தார்கள்.

அந்தத் தோல்வியை நான் ஒருவகையில் அவருக்குக் கிடைத்த மரியாதையாகவே பார்க்கிறேன். இரக்கப்பட்டு எவரும் வாக்களிக்கவில்லை. ஒரு நிலப்பிரபுவாகவே அவரை எண்ணித் தோற்கடித்தார்கள்.

1889ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று இலண்டனில் கவனா காலமானார். வன்னி முதியவருக்கு அன்றிரவு பன்றி கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் முன்பே புறப்பட்டுவிட்டேன்.