யாழ்ப்பாணப் பொதுநூலகம்: எண்ணிக்கைக்கு அப்பால்

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைப் பற்றிப் பேச முற்படுவோர் பெரும்பாலும் 97,000 என்ற எண்ணிலிருந்தே தொடங்குவர். 1981-இல் அங்கு எரிந்துபோன நூல்களின் தொகையாகச் சொல்லப்படுவது அது. நாமும் வகுப்பறையிலும் இலக்கியக் கூட்டங்களிலும் அந்த எண்ணைப் பலமுறை உச்சரித்திருக்கிறோம். எண்ணுக்கு ஓர் அதிர்ச்சி மதிப்பு உண்டு. ஆயினும், எரிந்தவற்றுள் எவை மறுபடியும் விலைகொடுத்து வாங்கத் தக்கவை, எவை ஒற்றைப் படியாக மட்டுமே இருந்தவை என்ற கேள்வியை அது மறைத்துவிடுகிறது. ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இந்தக் கேள்வியே முதன்மையானது.

நூலகம் பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். 1933-ஆம் ஆண்டின் இறுதியில் க. மு. செல்லப்பா என்னும் நீதிமன்ற ஊழியர், தம்மிடமிருந்த நூல்களைத் தம் வீட்டிலேயே வைத்து அயலாருக்கு இலவசமாக இரவல் கொடுக்கத் தொடங்கினார். இரவல் கொடுத்த நூல் திரும்பி வருவதில்லை என்று புலம்புவோர் நிறைந்த நம் சமூகத்தில் இது சிறு செயலன்று. அடுத்து, ஊருக்குப் பொதுவாக ஒரு நூல்நிலையம் வேண்டுமென அவர் வேண்டுகோள் விடுத்தார். 1934 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஊர்ப் பெரியோர் கூடினர், குழு அமைந்தது, பணமும் நூல்களும் சேர்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகம் திறந்தது. மறு ஆண்டே அது நகர சபையின் பொறுப்புக்குச் சென்றது. அரசரோ ஆளுநரோ அளித்த கொடையாக அன்றி, ஒருவருடைய புத்தக அலமாரியிலிருந்து வளர்ந்த நூலகம் அது.

இடம் போதாமற்போக, 1950-களின் தொடக்கத்தில் நிலையான கட்டடத்திற்கான முயற்சி எழுந்தது. நிதி திரட்டிய விதம் சுவையானது. நகர முதல்வர் சாம் சபாபதியின் காலத்தில் களியாட்ட விழா நடத்தினார்கள், சீட்டுக் குலுக்கினார்கள். புத்தகத்துக்கும் களியாட்டத்துக்கும் என்ன உறவு என்று முகம் சுளிக்கும் அறிஞர்கள் அன்றும் இருந்திருக்கக் கூடும். ஆனால் இராட்டினம் பார்க்க வந்தவனின் காசும் அந்தச் சுவர்களில் இருக்கிறது என்பதில் நமக்கு ஒரு நிறைவு உண்டு. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த அயர்லாந்துப் பாதிரியார் லோங் அடிகள் இப்பணிக்காக ஓயாமல் உழைத்தவர். பிற்காலத்தில் நூலகத்தின் முன் அவருக்குச் சிலை எழுந்தது. வாயிலில் சரசுவதியும் அருகில் ஒரு கத்தோலிக்கத் துறவியும் நிற்பது அவ்வூர்க் கல்விவரலாற்றின் சுருக்கமே.

தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகிப் பின்னர் உலகப் புகழ்பெற்ற சீ. இரா. அரங்கநாதன், நூலக அமைப்புக்கு ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைபடம் தீட்டினார். 1954 மார்ச் 29 அன்று அடிக்கல் நாட்டப்பெற்று, 1959 அக்டோபர் 11 அன்று நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவால் நூலகம் திறந்துவைக்கப்பட்டது. 1967-இல் சிறுவர் பகுதியும் வந்தது.

அதன் உசாத்துணைப் பகுதியே ஆய்வாளர்களை ஈர்த்தது. ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா, சி. வன்னியசிங்கம் முதலியோரின் பெயர்களோடு தொடர்புடைய தொகுப்புகளும், ஏட்டுச்சுவடிகளும், பழைய செய்தித்தாள்களும் அங்கே சேர்ந்திருந்தன. அழிவின் எடை இங்கேதான் இருக்கிறது.

1981 ஜூன் 4 அன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31 அன்று தேர்தல் கூட்டமொன்றில் காவலர் சுடப்பட்டதைத் தொடர்ந்து, நகரில் குவிக்கப்பட்டிருந்த காவல்படையினர் தீவைப்பில் இறங்கினர். யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினரின் வீடு, 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகசாலை எல்லாம் எரிந்தன; நூலகமும் எரிந்தது. அது மே 31 இரவா ஜூன் 1 இரவா என்பதில் எழுதியவர்களிடையே வேறுபாடு உண்டு. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள், பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைக் கண்டு அதிர்ச்சியில் உயிர்நீத்தார். எம். ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். அந்த நெருப்பைப் பற்றி எத்தனையோ கவிதைகள் வந்தும் அதுவே நிலைத்திருக்கிறது. ஓலமிடாமல் எழுதப்பட்டதுதான் காரணம் என்பது நம் கருத்து.

இங்கு ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். 'யாழ்ப்பாண வைபவமாலை' என்னும் நூலின் ஒரே படி அந்தத் தீயில் அழிந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்நூலே உலகிலிருந்து மறைந்துவிட்டது என்ற எண்ணத்தை இது உண்டாக்குகிறது. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய அந்நூலைப் பிரிட்டோ 1879-இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டுவிட்டார், பிற்காலத்தில் குல. சபாநாதன் தமிழ் மூலத்தைப் பதிப்பித்தார். ஏடு எரிந்திருக்கலாம், நூல் எரியவில்லை. முத்துத்தம்பிப்பிள்ளையின் 'யாழ்ப்பாணச் சரித்திரம்', ஞானப்பிரகாச அடிகளின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' ஆகியனவும் அச்சேறிப் பல வீடுகளுக்குப் பரவியிருந்ததால் தப்பின. கொடுமையைக் குறைத்துக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மிகைக்கூற்று ஒன்று பொய்யென நிறுவப்பட்டால், உண்மையான இழப்பையும் ஐயுறுவதற்கு அது வழிவகுக்கும்.

உண்மையான இழப்பு வேறு வகையைச் சேர்ந்தது. ஒருமுறை அச்சாகி மறுபதிப்புக் காணாதவற்றை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் 'கல்வெட்டு' என்றொரு சிறுநூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. இறந்தவரின் குலமுறையும் ஊரும் தொழிலும் அதில் பாட்டாக வரும். கோயில் தோறும் ஊஞ்சற் பாக்கள், பள்ளிக்கூடம் தோறும் ஆண்டு மலர்கள், ஓரிரு ஆண்டுகளே வாழ்ந்த இதழ்கள். இலக்கியத் தரம் பார்ப்போர் இவற்றை ஒதுக்கிவிடுவர். ஆனால் யார் எந்த ஊரிலிருந்து மலாயாவுக்குப் போனார், எந்தக் குளத்தை யார் வெட்டுவித்தார், எந்தப் பள்ளியில் எந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, எவருக்கு மறுக்கப்பட்டது என்பன போன்ற செய்திகளை இத்தகைய தாள்களில் அன்றி வேறெங்கே தேடுவது? கம்பராமாயணத்தை மீண்டும் வாங்கிவிடலாம். இருநூறு படி அச்சிட்ட சிற்றேட்டை எந்தக் கடையில் வாங்குவது?

கட்டடம் மீண்டதையும் குறிப்பிட வேண்டும். 1984-இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது; போர் அதையும் சிதைத்தது. 1990-களின் இறுதியில் அரசு மறுசீரமைப்பைத் தொடங்கியது. 2003 பிப்ரவரியில் நிகழவிருந்த திறப்பு விழா விடுதலைப் புலிகளின் எதிர்ப்பால் நின்றுபோக, மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகினர். அதன் பின்னரே நூலகம் வாசகர்களுக்குத் திறந்தது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டிருக்க வேண்டும், வெள்ளையடிப்பது சாட்சியத்தை அழிப்பதாகும் என்ற வாதம் அப்போது எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு மூலையையேனும் கரியோடு விட்டுவைத்திருக்கலாம். எனினும் தேர்வுக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும் தேடிவரும் மாணவிக்கு நினைவுச் சின்னத்தால் பயனில்லை என்ற பக்கத்திலேயே நாம் நிற்கிறோம்.

சிற்றேடுகளின் மீட்பு கட்டடத்துக்கு வெளியே நடந்தது. நூலகர் என். செல்வராஜா ஈழத்துத் தமிழ் நூல்களுக்கெனத் தொகுதிக்கு ஆயிரம் பதிவுகளாக 'நூல்தேட்டம்' என்னும் நூல்விவரப் பட்டியலை 2002 முதல் வெளியிடலானார். இன்னதெல்லாம் அச்சாயிற்று என்ற பதிவு இருந்தால்தானே இன்னது தொலைந்தது என்று சொல்ல முடியும்? 2005-இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகம் பிறந்தது. செல்லப்பாவைப் போலவே தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய முயற்சிதான் அதுவும். யாழ்ப்பாண வைபவமாலையின் பதிப்பை அங்கே இலவசமாகப் படிக்கலாம். அதனோடு கோயில் மலர்களும், பள்ளி ஆண்டு மலர்களும், யாரோ ஒருவரின் முப்பத்தோராம் நாளுக்காக அச்சிட்ட நினைவு மலர்களும் பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டு வரிசையில் நிற்கின்றன.