கொற்றவை

கொற்றவை என்பவள் பண்டைத் தமிழர் வழிபட்ட பெண் தெய்வம் ஆவாள். போர், வெற்றி, காடு, சாவு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி இவளைத் தமிழ் இலக்கியங்கள் பேசுகின்றன. ஐந்திணைகளுள் பாலைக்கு உரிய தெய்வமாக இவள் கருதப்படுகிறாள். பனியும் சாவும் ஒரே பெண் தெய்வத்துக்கு உரியனவாக அமைவது குளிர்நாட்டுத் தொன்மங்களில் அடிக்கடி காணப்படும். பனிப்பொழிவே இல்லாத தமிழ்ச் சமவெளியில் அத்தெய்வத்துக்கு மிக அருகில் நிற்பவள் கொற்றவையே எனலாம்.

பெயர்கள்

கொற்றம் என்ற சொல்லுக்கு வெற்றி, அரசாட்சி என்பன பொருள். அதனடியாகக் கொற்றவை என்ற பெயர் அமைந்தது. பழையோள், சூலி, ஐயை, காடுகிழாள், கானமர் செல்வி, காடமர் செல்வி, துணங்கையஞ் செல்வி என்பன பழைய நூல்களில் வரும் பிற பெயர்கள். இவையெல்லாம் தொடக்கத்திலிருந்தே ஒரே தெய்வத்தைக் குறித்தனவா, அல்லது வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்த தாய்த்தெய்வங்கள் காலப்போக்கில் ஒன்றாயினவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. காட்டைக் குறிக்கும் பெயர்கள் இத்தனை இருப்பது இரண்டாவது கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பாலையும் பொழுதும்

பாலைக்குத் தெய்வம் கொற்றவை என்று தொல்காப்பியம் கூறுவதாகப் பல கையேடுகளில் எழுதப்பட்டுள்ளது. இது சரியன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கு நிலங்களுக்கு மட்டுமே மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரைத் தெய்வங்களாகக் கூறுகிறது. பாலைக்கு அங்கே நிலமும் இல்லை, தெய்வமும் இல்லை. கொற்றவையின் பெயர் தொல்காப்பியத்தில் வேறோர் இடத்தில், புறத்திணையியலில், வெட்சித் திணையை ஒட்டிக் ‘கொற்றவை நிலை’ என்ற துறைப் பெயராக வருகிறது. வெட்சி என்பது பகைவர் ஆநிரையைக் கவரும் போர்த் தொடக்கம். பாலைக்குத் தெய்வம் குறிக்கும் வழக்கம் பிற்கால இலக்கணங்களில் இடம்பெற்றது. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கன்னியைப் பாலையின் தெய்வமாகக் கொள்கிறது.

நிலம் இல்லாத பாலைக்குப் பொழுது மட்டும் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனில், அதனோடு பின்பனி. பின்பனி என்பது மாசி, பங்குனி மாதங்கள். முல்லையும் குறிஞ்சியும் கதிரவன் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. எனவே பாலை ஓர் இடத்தின் பெயரன்று, ஓர் இடத்துக்கு நேரும் நிலையின் பெயர். கார்காலத்தில் முல்லையாக இருந்த அதே காடு பங்குனியில் பாலையாகிறது. அவ்வாறாயின் பாலைக்குரிய தெய்வம், நிலம் செத்துக் கிடக்கும் பருவத்துக்குரிய தெய்வம் ஆகிறாள்.

இதில் பின்பனி ஏன் சேர்க்கப்பட்டது என்பது மாணவர்களுக்கு எழும் இயல்பான ஐயம். பாலை என்றாலே கொடும் வெயில் என்று படித்தவர்களுக்குப் பனிக்காலம் பொருந்தாததாகத் தோன்றும். ஆயின் தமிழ்நாட்டு வறண்ட இலையுதிர் காடுகளை மாசியில் பார்த்தவர்களுக்கு இது புதிராக இராது. முதுமலை, சத்தியமங்கலம் பகுதிக் காடுகளில் மரங்கள் இலையை உதிர்த்து எலும்பாக நிற்பது இப்பருவத்தில்தான். இரவில் பனி, பகலில் வெயில், சுனைகளில் நீர் வற்றத் தொடங்கும். ஐரோப்பியக் காடு மார்கழியிலும் தையிலும் காட்டும் தோற்றத்தைத் தமிழகக் காடு மாசி, பங்குனியில் காட்டுகிறது. குளிரில் சாகும் காடு அது, வறட்சியில் சாகும் காடு இது.

பாலைப் பாடல்களில் சாவு உவமையாக மட்டும் வருவதில்லை. ஆறலை கள்வரால் கொல்லப்பட்ட வழிப்போக்கரின் உடல்மேல் கற்களைக் குவித்த பதுக்கைகளும், ஆநிரை மீட்டு இறந்தவர்க்கு எழுப்பிய நடுகற்களும் அகநானூற்றுப் பாலைப் பாடல்களில் வழியடையாளங்களாகவே வருகின்றன. இத்தகைய இறப்புச் சடங்குகளின் பழமைக்குத் தொல்லியல் சான்றுகள் தமிழகமெங்கும் உள்ளன. சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் குன்றுப் பகுதியில் கிடைத்த இரும்புக்கால ஈமச்சின்னங்களும் சுடுமண் ஈமப்பேழைகளும் அவற்றுள் அடங்கும். இவற்றில் கொற்றவையின் உருவமோ பெயரோ இல்லை. ஆகவே இவற்றைக் கொற்றவை வழிபாட்டுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

சங்க இலக்கியத்தில்

திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மகன் என்றும் பழையோளின் குழந்தை என்றும் விளிக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் முருகனைப் பெற்ற தாய் துணங்கைக் கூத்துக்குரிய செல்வியாகக் குறிக்கப்படுகிறாள். துணங்கை வெற்றிக்களத்தில் ஆடப்படுவது. பேய்களும் ஆடுவதாகப் பாடப்படுவது.

பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அயிரை மலைத் தெய்வம் வருகிறது. பகைவரின் மார்பைப் பிளந்து வழியும் குருதி சேராவிட்டால் இத்தெய்வம் படையலை ஏற்பதில்லை என்று அங்குக் கூறப்படுகிறது. அயிரை மலையில் உறைபவள் கொற்றவை என்பது உரை மரபு.

குறுந்தொகை 218 ஆம் பாடல் வேறுபட்ட ஒன்று. பொருள் தேடிப் பிரிந்த தலைவன் குறித்த காலத்தில் திரும்பவில்லை. சூலிக்கு நேர்ந்துகொள்வதையும், கையில் காப்பு நூல் கட்டுவதையும், புள் நிமித்தம் பார்ப்பதையும், விரிச்சி கேட்பதையும் தான் செய்யப்போவதில்லை என்று தலைவி தோழியிடம் மறுக்கிறாள். வீரர்கள் மட்டுமன்றி, பாலை வழியில் சென்றவர் உயிரோடு மீள வேண்டி வீட்டிலிருந்த பெண்களும் இத்தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டனர் என்பதை இந்த மறுப்பே நமக்குத் தெரிவிக்கிறது. கொற்றவை பற்றிய கட்டுரைகளில் போர்ச்செய்திகளுக்குக் கிடைக்கும் இடம் இப்பாடலுக்குக் கிடைப்பதில்லை.

வேட்டுவ வரி

கொற்றவை வழிபாட்டின் முழுமையான சித்திரம் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில், வேட்டுவ வரியில் உள்ளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குச் செல்லும் வழியில் ஐயை கோட்டத்தில் தங்குகின்றனர். அப்போது எயினர் குடியைச் சேர்ந்த சாலினி தெய்வமேறி ஆடுகிறாள். எயினர் வழிப்பறியை விட்டுவிட்டு அறவழி நடப்போரைப்போல அடங்கிவிட்டனர், மன்றங்கள் பாழாயின, கடனைச் செலுத்தாவிட்டால் தெய்வம் வில்லுக்கு வெற்றி தராது என்பது அவள் கூற்று.

பின்னர் எயினர் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். சிறு பாம்பைப் போன்ற கயிற்றால் முடி கட்டி, பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி அணிவித்து, வில்லைக் கையில் கொடுத்து, கலைமான்மேல் ஏற்றுகின்றனர். புலியோ சிங்கமோ அன்றி மானே இங்கு ஊர்தி என்பது கவனிக்கத்தக்கது. காப்பியத்தின் இறுக்கமும் இங்குதான் தொடங்குகிறது. தெய்வமேறிய சாலினி, அருகில் நின்ற கண்ணகியைச் சுட்டிப் புகழ்கிறாள். கண்ணகி நாணிக் கணவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறாள். பின்னர் வழக்குரை காதையில் பாண்டியன் அரண்மனை வாயிற்காவலன், வாயிலில் நிற்பவள் கொற்றவை அல்லள், ஆயினும் அத்தகைய சினத்தோடு நிற்கிறாள் என்று அரசனிடம் அறிவிக்கிறான்.

தலைப்பலி

கொற்றவைக்குரிய காணிக்கையை இலக்கியங்கள் ‘கடன்’ என்ற சொல்லால் குறிக்கின்றன. வெற்றி முன்கூட்டியே பெறப்பட்ட கடன். உயிர் அதற்கான திருப்பம். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் புகார் நகரச் சுடுகாட்டை ஒட்டிக் காடமர் செல்வியின் கோட்டம் வருகிறது. கலங்காத மனத்தோடு உயிர்க்கடன் செலுத்தியவர்களின் தலைகள் தொங்கும் நெடிய மரங்கள் அதனைச் சூழ்ந்திருந்தன என்று சாத்தனார் பாடுகிறார்.

இவற்றைக் கவிஞரின் மிகை என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்வது கல்வெட்டுச் சான்று. இன்றைய ஆந்திரப் பிரதேசத்து நெல்லூர்ப் பகுதியிலுள்ள மல்லம் என்ற ஊரில் பல்லவன் கம்பவர்மனின் 20 ஆம் ஆட்சியாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஒரு வீரன் தன் உடலின் ஒன்பது இடங்களில் தசையை அரிந்து, இறுதியில் தலையையும் அறுத்துப் பீடத்தில் வைத்துப் பிடாரிக்குப் பலியானதையும், அவனுக்காக நிலம் வழங்கப்பட்டதையும் அது பதிவு செய்கிறது. இவ்வகைப் பலி நவகண்டம் எனப்படும். காப்பியத்தில் புகழாக மட்டும் தெரியும் செயல் கல்வெட்டில் நிலக்கொடையாகவும் தெரிகிறது. பலியானவனின் குடும்பத்துக்கு ஊர் ஏதோ ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். அவர்கள் எவ்வளவு தூரம் தாமாக விரும்பிச் செய்தனர் என்ற கேள்விக்குக் கல்வெட்டுகள் விடையளிப்பதில்லை. புகழ்பவர்களின் குரல் மட்டுமே அவற்றில் உள்ளது.

சிற்பங்கள்

பல்லவர் கலையில் கொற்றவைக்குத் தனியிடம் உண்டு. பல்லாவரம் குடைவரை போன்ற முதலாம் மகேந்திரவர்மன் காலத்துப் பணிகளில் உருவச் சிற்பங்கள் குறைவு. அவனுக்குப் பின் மாமல்லபுரத்தில் இத்தெய்வம் பல இடங்களில் வடிக்கப்பட்டாள். பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் வாழ்வோர் ஒரே நாளில் சென்று பார்த்துத் திரும்பலாம்.

ஐந்து இரதங்களின் வரிசையில் வடகோடியில் உள்ளது திரௌபதி இரதம். பெயர் அவ்வாறு வழங்கினாலும் இது கொற்றவைக்கு எடுக்கப்பட்ட கோயில். மற்ற இரதங்கள் அடுக்கு மாடங்களைக் காட்ட, இது மட்டும் கூரை வேய்ந்த குடிசை வடிவில் செதுக்கப்பட்டுள்ளது. காட்டுத் தெய்வத்தின் குடிலை அப்படியே கல்லில் பெயர்த்ததாகக் கொள்ளலாம். கருவறைப் பின்சுவரில் தாமரைமேல் நான்கு கைகளுடன் தெய்வம் நிற்க, காலடியில் இருவர் மண்டியிட்டுள்ளனர். அவர்களுள் ஒருவன் ஒரு கையால் தன் முடியைப் பற்றி, மறு கையில் வாளேந்திக் கழுத்தை அரியும் நிலையில் இருக்கிறான். முடி காணிக்கை என்றும் இதற்கு விளக்கம் கூறப்பட்டதுண்டு. டச்சு அறிஞர் ஃபோகல் 1931 இல் வெளியிட்ட கட்டுரையில் பல்லவர் சிற்பங்களிலுள்ள இக்காட்சிகளைத் தலைப்பலி என்று விளக்கினார். இன்று பெரும்பாலும் ஏற்கப்படுவது அதுவே. வராக மண்டபத்துச் சிற்பத்தில் தெய்வத்தின் இருபுறமும் சிங்கமும் மானும் இடம்பெறுகின்றன. செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்திலும், சோழர் காலத்துப் புள்ளமங்கையிலும் தன்னைத் தானே அரியும் அடியவர் உருவங்களைக் காணலாம்.

துர்க்கையுடன் இணைவு

சிங்கம் துர்க்கைக்குரியது, மான் கொற்றவைக்குரியது என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து நிற்கும் பல்லவர் சிற்பங்கள் இணைப்பு நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தைக் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்திலேயே எருமைத் தலைமேல் நிற்பவள் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. விசயாலய சோழன் 9 ஆம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றியபின் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர்ச் சிவன் கோயில்களின் வடபுறக் கோட்டத்தில் துர்க்கையை அமைப்பது வழக்கமாயிற்று. காட்டில் தனித்து நின்றவள் இவ்வாறு ஊர்க்கோயிலின் ஒரு மாடத்துள் அமைந்தாள்.

ஆயினும் இலக்கியத்தில் பழைய உருவம் அழியவில்லை. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி, பாலைக்காட்டையும் அதனுள் காளியின் கோயிலையும் விரித்துப் பாடுகிறது. பசியால் வாடும் பேய்கள் போர் வேண்டிக் காளியிடம் முறையிடுவதும், போர் முடிந்தபின் களத்தில் பிணங்களைக் கொண்டு கூழடுவதும் அதன் பகுதிகள். பரணி என்ற நாள்மீன் காளிக்கும் யமனுக்கும் உரியது என்பதால் இவ்வகை நூலுக்கு அப்பெயர் வந்தது என்பர்.

பிற பண்பாடுகளுடன் ஒப்பீடு

போலந்து முதலிய சிலாவிய நாடுகளில் மார்சன்னா என்பவள் பனிக்கும் சாவுக்கும் உரியவள். மார்ச் மாதத்தில் அவளுடைய வைக்கோல் பொம்மையை எரித்து அல்லது ஆற்றில் அமிழ்த்தி ஊரைவிட்டு வெளியேற்றுவர். கொற்றவையோ தன் பருவத்தில் துரத்தப்படுவதில்லை. அழைக்கப்பட்டு, கோலம் புனையப்பட்டு, உணவளிக்கப்படுகிறாள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபுகளின் கல்யாக் இன்னும் நெருக்கமானவள். அப்பெயருக்கு மூதாட்டி என்று பொருள். பழையோள் என்ற பெயரோடு இது ஒத்துப்போகிறது. குளிர்காலத்தை ஆளும் அவளும் மான்களோடு தொடர்புடையவள். இவ்வொற்றுமைகளைக் கொண்டு இருவருக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிப்பது தவறு.

கற்பனை உலகங்களிலும் இவ்வகைத் தெய்வங்கள் படைக்கப்பட்டுள்ளன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2008 ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில் வரும் ரேவன் குயின் சாவு, விதி, குளிர்காலம் மூன்றுக்கும் உரியவள்.

தற்காலத்தில்

வட தமிழகத்தில், குறிப்பாக விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில், பல்லவர் காலத்துப் பலகைக்கல் கொற்றவைச் சிற்பங்கள் வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் காணப்படுகின்றன. அவற்றுள் பல இன்று துர்க்கை, காளி என்ற பெயர்களில் வழிபாட்டில் உள்ளன. மஞ்சளும் எண்ணெயும் படிந்த சிற்பங்களில் தோளருகே மானின் கொம்பு தெரிகிறதா என்று பார்ப்பது அடையாளம் காண உதவும். ஜெயமோகன் சிலப்பதிகாரக் கதையை மீண்டும் எழுதிய புதினம் ‘கொற்றவை’ என்ற பெயரில் 2005 இல் வெளிவந்தது.