கொடி இல்லாத நாட்டின் கப்பல்



முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னாரு? கம்பெனிக்காரன் தன் நாட்டுப் பேரையும் கொடியையும் காட்டுறது வெறும் விளம்பரம்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு. இங்கேயிருந்து சென்னைப் பக்கம் போனா இருங்காட்டுக்கோட்டை. 1998லிருந்து அங்கே கார் வருது. 'கொரியா வண்டி'ன்னு சொல்லித்தானே வாங்குறோம்? அது விளம்பரம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஐயா, தூத்துக்குடிக்கு வாங்க!

அங்கே கொழும்புக்குக் கப்பல் விட்ட கம்பெனியின் பெயர் 'பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்'. பேருலேயே ரெண்டு நாடு. முன்னால முதலாளி, பின்னால வேலைக்காரன்! (சிரிப்பு) கப்பலில் பறந்தது சிவப்புக் கொடி. அதன் மூலையில் யூனியன் ஜாக். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றின் சிலுவைகளும் ஒன்றாகச் சேர்ந்ததால் 'யூனியன்' என்று பெயர். அந்தச் சேர்க்கையில் நமக்கு ஒரு நூலாவது உண்டா?

நமக்கென்று ஒரு தேசியக் கொடி இல்லாத காலம் அது. காமா அம்மையார் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டியதே 1907 ஆகஸ்டில்தான். அதற்கு முன்பே, 1906 அக்டோபரில், வ.உ.சிதம்பரம் பிள்ளை கம்பெனியைப் பதிவு செய்கிறார். கொடி இல்லை, பெயர் இருக்கிறதே! 'சுதேசி'! மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டுமே வாங்கலாம். வாங்கிய கப்பல்களில் ஒன்றின் பெயர் 'காலியா'. பிரான்சு தேசத்தின் பழைய லத்தீன் பெயர் அது! பிரான்சு பெயருள்ள கப்பலைச் சுதேசிக் கப்பல் என்று ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். போட்ட காசு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். (கைதட்டல்)

வெள்ளைக்காரன் சும்மா இருந்தானா? கட்டணத்தைக் குறைத்தான். கடைசியில் காசே வேண்டாம், ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்றானாம். வெறும் விளம்பரத்தை ஒழிக்கவா இவ்வளவு செலவு?

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது. வழக்கு மேடைப் பேச்சுக்காக. கப்பல் விட்டதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? இரண்டு ஆயுள் தண்டனை, 40 வருஷம் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் குறைந்தது. ஆனாலும் செக்கிழுத்தார்.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1947 ஜூலை 22 அன்று மூவர்ணக் கொடியை ஏற்றோம். மூன்றே வருஷத்தில், 1950ல், ஒரு சட்டம். மத்திய அரசின் அனுமதியில்லாமல் அந்தக் கொடியை யாரும் வியாபார முத்திரையாக வைக்கக் கூடாது! வெறும் விளம்பரம் என்றால் இந்தக் காவல் எதற்கு நண்பரே?

1912 டிசம்பரில் வ.உ.சி. சிறையை விட்டு வெளியே வந்தார். அதற்கு முன்பே சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. துறைமுகத்தில் அவருக்குக் கப்பல் இல்லை. எதிரணி பதில் சொல்லட்டும்.